நீல மருந்தும் உன் வலது காலும்

மச்சான்,

இன்று காலை கடையின் பின்பக்கத்தைக் கழுவப் போனேன். நோய்ப்பட்ட வருத்தக்கார மீன்களைப் பிரித்து விடுகிற சின்னத் தொட்டிக்குப் பின்னால், சுவரோடு சாய்த்தபடி உன் பிளாஸ்டிக் பேசின் இருந்தது. வாங்கும்போது அது வெள்ளைப் பேசின். இப்போது அடி முழுக்க நீலம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், மணல் போட்டும் தேய்த்தேன், போகவில்லை. நடுவில் ஒரு பாதம் அளவுக்கு மட்டும் கொஞ்சம் வெளிறிக் கிடக்கிறது.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஓங்கி ஒரு உதை விட்டேன். அது போய் உப்பு மூட்டையில் மோதித் திரும்பி வந்து என் முழங்காலிலேயே பட்டது. செத்த பிறகும் திருப்பி அடிக்கிற ஆள் இந்த வன்னியில் நீ ஒருவன்தான்.

அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் மடல் எழுதுகிறானே என்று சிரிக்காதே. நான் இருந்தால் மற்றப் பிள்ளைகளுக்குப் படிக்க இடமிராது என்று வாத்தியாரே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால்தான் விட்டேன். இது உனக்குத் தெரியும். தெரியாதவர்கள் வாசித்தாலும் தெரிந்துகொள்ளட்டும்.

அவர்களுக்கு இன்னும் ஒன்றையும் சொல்லவேண்டும். நீ முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். மாதாவைக் கும்பிட்டுவிட்டு வள்ளம் தள்ளுகிற குடும்பம். நான் வட்டக்கச்சி வயல்காரன், வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவன். என் தங்கச்சி ரஞ்சியை நீ விரும்பிக் கட்டினாய். இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபோது நடுவில் நின்று கல்யாணத்தை முடித்து வைத்தவன் நான். அடி விழும் என்று நீ பயந்து நின்றாய். எனக்கு ஏழெட்டுப் பேர் ஒரு கணக்கே இல்லை.

பிறகு கிளிநொச்சியில் கடை போட்டோம். மீன் வளர்க்கிற கடை. யார் என்ன சொன்னாலும் யோசனை என்னுடையது. "பிடிச்சுத் தின்னுறதை விட்டிட்டுக் கண்ணாடிக்குள்ள விட்டுப் பாக்கிறதோ? உனக்கென்ன விசரோ மச்சான்?" என்று கேட்டவன் நீ. ஒரு மாதம் போகவில்லை, கப்பி மீன் குட்டி போடுகிற தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, சோறு தின்னவும் எழும்பாமல் இருந்தவனும் நீதான்.

வாய் என்னுடையது, கண் உன்னுடையது. அப்படித்தான் கடை ஓடியது. கொழும்பில் இருக்கிற ஒரு பெரிய மனிதர் தன் மீனைக் காட்ட ஹெலிகொப்டரில் வர இருந்தார் என்று நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வேன். நீ தொட்டிக்குள் கையை விட்டபடி, தலையை நிமிர்த்தாமல், "மழை எண்டபடியால் வரேல்லை" என்பாய். அவர்கள் உன்னைப் பார்த்துத்தான் நம்புவார்கள்.

வட்டக்கச்சியிலிருந்து வாளியோடு வந்த அக்காவை நினைத்துப் பார். வாளிக்குள் ஒரு கோல்ட் பிஷ் சரிந்து கிடந்தது. வாலின் ஓரம் வெளிறி, கந்தல் துணி போலப் பிய்ந்திருந்தது. நீ குனிந்து ஒரு தரம் பார்த்தாய்.

"அக்கா, தண்ணி எப்பிடி மாத்துறனீங்கள்?"

"கிழமைக்கு ஒருக்கா முழுத்தண்ணியையும் ஊத்திப்போட்டு, சவர்க்காரம் போட்டுத் தொட்டியைத் தேய்க்கிறனான் தம்பி. என்ர வீட்டில ஊத்தை இருக்காது."

"மீனுக்கும் சவர்க்காரம் போட்டனீங்களோ?"

"சீ, மீனுக்கு மஞ்சள்தான் பூசினனான்."

"மருந்துக்கோ, கறிக்கோ?"

அந்த அக்கா வாளியைத் தூக்கி உன் தலையில் ஊற்றாதது என்னால்தான். நான்தான் இடையில் புகுந்து, இவர் கரைப்பக்கத்து ஆள், பகிடி விட்டால்தான் கை ஓடும் என்று சமாளித்தேன். பிறகு நீ பொறுமையாகச் சொன்னாய். செட்டை அழுகினால் மருந்தைத் தேடி ஓடாதேங்கோ, முதலில் தண்ணியைப் பாருங்கோ. முழுத்தண்ணியையும் மாற்றக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவேண்டும். குழாய்த் தண்ணி என்றால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றவேண்டும். மீனைத் தனியே பிரித்துக் கல்லுப்பு கரைத்த தண்ணியில் விடவேண்டும். காயத்தில் பஞ்சு மாதிரிப் படர்ந்தால் மட்டும் நீல மருந்து, அதுவும் சொட்டுக் கணக்கில். அந்த மீனுக்கு வால் திரும்ப முளைத்தது. அக்கா தைப்பொங்கலுக்கு ஒரு சட்டி சர்க்கரைப் புக்கை கொண்டுவந்தா. நீ பாதிக்கு மேல் தின்றாய், சீனி வருத்தத்தை, அந்த நீரிழிவை வைத்துக்கொண்டு. அதையும் இப்போது எழுதி வைக்கிறேன்.

ஒஸ்கார் மீனின் கதை அதைவிடப் பெரியது. முன்தொட்டியில் இருந்த கறுப்பு ஒஸ்கார், கல்லில் மோதி விலாப்பக்கம் கிழிந்து, காயத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. நான் எறியச் சொன்னேன். நீ நனைத்த துணியில் அதைக் குழந்தை போலப் பொத்திப் பிடித்து, செவுளுக்குள் போகாமல் பஞ்சு சுற்றிய காதுக்குடம்பியால் மருந்தைத் தொட்டுத் தொட்டு வைத்தாய். பஞ்சு நுனியை ஒவ்வொரு தரமும் மாற்றினாய். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தண்ணீரில் விட்டாய். அது பிழைத்தது. தழும்பு மட்டும் நின்றது. இரணைமடுக் குளத்தில் முதலையின் வாயிலிருந்து தப்பிய மீன் என்று நான் அதைக் காட்டுவேன். இன்றைக்கும் அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள்.

எல்லாரிடமும் நீ சொல்கிற ஒன்று உண்டு. "சாப்பாடு போடேக்க முன்னுக்கு வாற மீனைப் பாக்காதேங்கோ. வராததைப் பாருங்கோ. வருத்தம் வந்தது மூலைக்குப் போகும்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பேசினை உதைத்தபோது இதுதான் வந்தது என் வாயில்.

ஏனென்றால் நீயும் மூலைக்குப் போனாய்.

போன மாரியில் பழைய தொட்டி ஒன்று விரிசல் விட்டு உடைந்தது. தண்ணீரையும் கண்ணாடியையும் நாம் இருவரும்தான் கூட்டி அள்ளினோம். அப்போது ஒரு துண்டு உன் செருப்பைத் துளைத்துக்கொண்டு வலது உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. உனக்குத் தெரியவில்லை. சீனி உன் காலை எப்போதோ மரக்க வைத்துவிட்டது. செருப்பில் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தாய். நான் கேட்டேன். கேட்கவில்லை என்று எவனும் சொல்லக்கூடாது.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் வா."

"முள்ளுக் குத்தினதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டால் எங்கட பக்கத்தில ஒருத்தனும் கடலுக்குப் போகேலாது."

"இது முள்ளில்லை, கண்ணாடி."

"கெழுத்தி முள்ளை விட இது பஞ்சு. சுடுதண்ணியும் உப்பும் போதும். நீ போய் உன்ர முதலைக் கதையைச் சொல்லு."

உன் கரையில் அதுதான் வழக்கம் என்று எனக்குத் தெரியும். மீன் முள் குத்தினால் சூட்டுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வைத்திருப்பார்கள், அடுத்த நாள் வள்ளம் தள்ளுவார்கள். ஆனால் அவர்களுடைய கால் சூடு தெரிகிற கால். உன் கால் அப்படியா? காலை அவித்து எடுத்தாலும் உனக்குத் தெரிந்திராது. அதோடும் விட்டாயா? உப்பு போதாது என்று கண்டவுடன் மீனுக்குப் போடுகிற நீல மருந்தை எடுத்தாய். கரையின் பழக்கத்தையும் கடையின் தொழிலையும் ஒரு பேசினுக்குள் கலந்து காலை வைத்தாய். இப்படி ஒரு முட்டாள்தனத்தை உலகத்தில் வேறு எவனாலும் செய்ய முடியாது. இரண்டும் தெரிந்தவன் நீ மட்டும்தானே.

பிறகு உன் கதிரை பின்னால் போனது. கடைசித் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில். வெளிச்சம் குறைவாக இருந்தால்தான் மீனின் உடம்பில் புள்ளி தெரியும் என்றாய். கிளிநொச்சி வெயிலில் சப்பாத்தும் சொக்ஸும் போட்டுக்கொண்டு வந்தாய். "என்ன மாப்பிள்ளை, இரண்டாம் கல்யாணமோ?" என்று கேட்டேன். "ஓம், உன்ர தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதை" என்றாய். ரஞ்சி ஒரு நாள் கடைக்கு வந்து நின்று மூக்கைச் சுளித்தாள்.

"இஞ்சாருங்கோ, என்ன இது மணம்?"

"மீன் கடையில மல்லிகைப்பூ மணமோ வரும்?"

"மீன் மணம் எனக்குத் தெரியாதோ? அந்தச் சப்பாத்தை ஒருக்கால் கழட்டுங்கோ."

"வீட்ட வந்து கழட்டுறன்."

வீட்டிலும் கழற்றவில்லை. அவள் படுத்த பிறகு கழற்றி, அவள் எழும்பமுதல் போட்டுக்கொண்டாய். ஒரு மீன் செட்டையை ஒடுக்கிக்கொண்டால், கல்லில் உடம்பை உரசினால், மேலே வந்து மூச்சுக்கு வாயைத் திறந்தால், தெருவிலிருந்தே கண்டுபிடிக்கிற ஆள் நீ. பஸ்ஸில் போகும்போது கடைக்குள் வெள்ளைப் புள்ளி விழுந்த மீனைக் கண்டு குதித்து இறங்கி ஓடி வந்தாய் என்று நான் சொல்கிற கதை கொஞ்சம் கூடத்தான். ஆனால் அவ்வளவு கூட இல்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு உன் காலைப் பார்த்து ஆறிக்கொண்டு வருகிறது என்று நினைத்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. செட்டை அழுகினால் முதலில் தண்ணியைப் பார் என்று ஊருக்குச் சொன்னாய். உன் இரத்தத்தில் சீனி ஏறிக் கிடந்ததே மச்சான், அதுதானே உன் தண்ணி. அதை எத்தனை மாதம் பார்க்காமல் விட்டாய்? கிளினிக் துண்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, மீனுக்குச் சாப்பாடு போட ஆளில்லை என்று எங்களுக்குச் சாட்டுச் சொன்னாய். நான் என்ன, பொம்மையா?

காய்ச்சலில் விழுந்த பிறகுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். கட்டிலில் போட்டு, நேர்ஸ் மிஸ்ஸி சொக்ஸைக் கத்தரித்து எடுத்தா. கால் கணுக்கால் வரைக்கும் நீலம். அந்தப் பிள்ளை பதறிப்போய் என்னைப் பார்த்தா.

"இது எப்ப இருந்து இந்த நிறம்?"

"நிறம் மருந்தால வந்தது மிஸ்ஸி."

"என்ன மருந்து? ஆர் தந்தது?"

வாய்க்காரன் நான் குனிந்து, கத்தரித்த சொக்ஸைப் பொறுக்கினேன். நீ கண்ணைத் திறந்து, காய்ச்சலோடு, அவவுக்குச் சமாதானம் சொன்னாய்.

"பயப்பிடாதேங்கோ மிஸ்ஸி. சொட்டுக் கணக்கிலதான் விட்டனான்."

நீலத்துக்குக் கீழே கறுப்பு இருந்தது. காலை வெட்டி எடுத்தார்கள். அதற்கும் மேலே விஷம் ஏறிவிட்டிருந்தது. வேறு என்ன எழுத? நீயே அறிவாய்.

செத்த வீட்டுக்கு உன் கரையே திரண்டு வந்தது. ஆண்டவர் அழைத்துவிட்டார், நல்லவர்களை அவர் சீக்கிரம் அழைப்பார் என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். நானும் எவ்வளவுக்குத்தான் கேட்பேன்? "அவர் ஒருத்தரையும் அழைக்கேல்லை. அவர் தன்ர பாட்டில இருந்தவர். இவன்தான் சப்பாத்தும் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினவன்" என்று சொல்லிவிட்டேன். ரஞ்சி பின்னாலிருந்து என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். உன் பெரியண்ணன் என்னோடு இன்னும் கதைப்பதில்லை. எனக்கு அதில் கவலையும் இல்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. போன கிழமை நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். உழவு மெஷின் ஓட்டுகிறவன், முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல தோள்.

"அண்ணை, நீல மருந்து ஒரு போத்தல் தாங்கோ. உப்பும் வேணும்."

"என்ன மீன்?"

"சும்மா மீன்தான்."

"சும்மா மீன் எண்டு ஒரு சாதி இல்லை தம்பி. கோல்ட் பிஷ்ஷோ, ஃபைட்டரோ?"

"கறுப்பு மீன் ஒண்டு."

"காயம் எங்க?"

"குதியில."

எடுத்த போத்தலைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

"வாலடியில எண்டு சொல்ல வந்தனான்" என்றான்.

"செருப்பைக் கழட்டு."

"ஏன் அண்ணை?"

"குதிக்கால் உள்ள மீனை நான் இன்னும் காணேல்லை. கழட்டு."

கழற்ற மாட்டேன் என்று நின்றான். வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். என் உடம்பைத் தாண்டி அந்த வாசலால் ஒரு பூனையும் போகமுடியாது. கடைசியில் கழற்றினான். குதியில் வெடிப்பு, அதற்குள் ஆழமாக ஒரு புண், ஓரம் வெளிறி, கந்தல் போல. சுற்றிலும் இலேசாக நீலம். ஏற்கெனவே ஒரு போத்தல் முடித்திருக்கிறான்.

"இதை ஆரடா உனக்குச் சொன்னது?"

"உங்கட மச்சான்தான் அண்ணை. மாரிக்குள்ள ஒரு ஃபைட்டர் மீன் வாங்க வந்தனான். நான் நொண்டுறதைக் கண்டிட்டுக் கேட்டவர். உப்பும் இதுவும் போட்டு வை, ஆறும் எண்டவர். பின்னுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன்ர காலையும் காட்டினவர். பார், என்ரை ஆறிக்கொண்டு வருது எண்டு."

காட்டினாயா?

ரஞ்சி கேட்டாள், காட்டவில்லை. நான் கேட்டேன், பகிடி விட்டாய். மீன் வாங்க வந்த ஒரு வழிப்போக்கனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சப்பாத்தைக் கழற்றிக் காட்டினாயா? எங்கள் முகம் உனக்கு என்ன செய்தது? அந்த நேரம் நீ முன்னால் நின்றிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், கன்னத்தில் அறைந்திருப்பேன். பிறகு நினைத்தால், நாங்கள் பார்த்தால் விடமாட்டோம் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அவன் என்றால் பார்த்துவிட்டுப் போய்விடுவான். அதுதானே?

"அவர் இப்ப எங்க அண்ணை? காணேல்லை."

"அந்தக் கால்தான் அவனைக் கொண்டு போனது."

அவன் உப்பு மூட்டையின் மேல் குந்திவிட்டான்.

கடையைப் பூட்டினேன். மோட்டார் சைக்கிளில் ஏறச் சொன்னேன். அப்போதும் விடவில்லை. "விதைப்பு நேரம் அண்ணை. உழவு ஒப்புக்கொண்டிட்டன். வாற கிழமை போறன்" என்றான். "காலில்லாமல் கிளச்சை எதால மிதிப்பாய், உன்ர மூக்காலயோ?" என்று கேட்டேன். ஏறினான். நீ படுத்துக் கிடந்த அதே ஆஸ்பத்திரிதான். வாசலில் எனக்குக் கால் கொஞ்சம் பின்வாங்கியது. அவனைத் தாங்கிக் கூட்டிப்போவதுபோல, நான் நிற்கவென்று அவனைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அவனுக்கும் சீனி. அவனுக்கே தெரியாது. புண்ணை வெட்டித் துப்புரவாக்கினார்கள். தினமும் வந்து கட்டவேண்டும், வந்தால் கால் நிற்கும் என்றார்கள். வருகிறான். கட்டிக்கொண்டு போகும்போது கடைக்கும் வந்து என்னை ஏசிவிட்டுப் போகிறான். "உங்களால என்ர உழவு போச்சுது அண்ணை" என்கிறான். "உழவு போனால் வரும்" என்கிறேன். நேற்றுக் கட்டை அவிழ்த்துக் காட்டினான். அடியில் சிவப்பாகச் சதை வருகிறது. வாலும் அப்படித்தானே முளைக்கும், முதலில் ஓரம் சிவந்து. நீ காட்டித்தான் எனக்குத் தெரியும். அதை நான் மறுக்கவில்லை.

இதையும் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லி வருகிறேன். டொக்டர் கைவிட்ட கால் நான் பார்த்த பார்வையில் பிழைத்தது என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பின்னாலிருந்து ஒரு சொல்லைப் போட ஆளில்லை.

இப்போது கடையில் ஒரு அறிவித்தல் மட்டை தொங்குகிறது. ரஞ்சியின் கையெழுத்து, சொற்கள் என்னுடையவை. மீனைக் கொண்டுவராதவர்களுக்கு நீல மருந்து இல்லை. பின்னேரங்களில் அவள் கடைக்கு வந்து இருக்கிறாள். வீட்டில் இருந்தால் சுவரைப் பார்க்கவேண்டியிருக்கிறது என்கிறாள். நேற்றுக் கடை பூட்டுகிற நேரம், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையை எனக்கு முன்னால் இழுத்துப் போட்டாள்.

"அண்ணை, காலைக் காட்டுங்கோ."

எனக்கும் சீனி இருக்கிறது. ஊருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"என்ர காலுக்கென்ன? நான் இரணைமடுக் கட்டில சைக்கிளைத் தோளில வைச்சுக்கொண்டு ஓடின ஆள்."

"ஓம். காட்டுங்கோ."

"ஊத்தையாக் கிடக்கு."

"கழுவிப்போட்டுக் காட்டுங்கோ."

கழுவிவிட்டு வந்து நீட்டினேன். வெட்கமாக இருந்தது மச்சான். தங்கச்சியின் மடியில் காலை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போன் வெளிச்சத்தைப் பிடித்து, விரல் விரலாக விரித்துப் பார்த்தாள். இடது குதியில் சின்ன வெடிப்பு, நாளைக்குக் கிளினிக் என்றாள். பார்த்து முடிந்த பிறகும் குதியை விடவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

அவள் உன்னிடம் கேட்டது இவ்வளவுதான். ஒரு கால். மடியில் வைத்துப் பார்க்க.

கோபம் ஆறவில்லை. ஆறும் என்று யாராவது சொன்னால் அவர்களோடும் சண்டை பிடிப்பேன். இப்போது அவள், கிளினிக் போகமுதல் காலைப் பார்க்கவென்று, முன்பக்கத்திலிருந்து கூப்பிடுகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறேன்.